ஒரு விற்பனை நிறுவனத்தின் அறுபது ஆண்டுகள்

2008-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் உள்ள திவால் நீதிமன்றத்தில் ஒரு வாணிப நிறுவனம் மனுத் தாக்கல் செய்தது. மனுவில் காட்டப்பட்டிருந்த கணக்கின்படி அந்நிறுவனத்தின் சொத்து மதிப்பு 340 கோடி டாலர். அது திருப்பித் தர வேண்டிய கடன் 232 கோடி டாலர். அதாவது, சொத்து கடனைவிட 100 கோடி டாலருக்கும் மேல் மிகுதி. கணக்கியலின் முதற்பாடத்தைக் கற்ற மாணவர் இதைக் கண்டால், இந்நிறுவனம் திவாலாக வேண்டிய அவசியமே இல்லையே என்றுதான் வியப்பார். ஆயினும் அடுத்த பத்து வாரங்களுக்குள் அதன் 567 கடைகளையும் அடைத்துவிடுவதென முடிவாயிற்று. ஏறத்தாழ 34,000 பேர் வேலை இழந்தனர்.

சர்க்யூட் சிட்டி என்ற பெயர் கொண்ட இந்நிறுவனம், மின்னணுச் சாதனங்களை மட்டுமே முதன்மையாக விற்ற அமெரிக்கக் கடைத்தொடர்களில் இரண்டாவது பெரியது. தொலைக்காட்சிப் பெட்டி, ஒலிப்பதிவுக் கருவி, குளிர்பதனப் பெட்டி, கணிப்பொறி என்று ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் விலை கொடுத்து வாங்கும் பெரும் பொருள்கள் பலவற்றையும் அது விற்றது. ஒரு தொழிற்சாலை நலிந்தால் அதன் காரணங்களை ஆராய்வதற்குக் குழுக்கள் அமைக்கப்படுவதுண்டு. கடை நலிந்தால் பெயர்ப்பலகையை இறக்குவதோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. வாணிபம் என்பது உற்பத்திக்கும் நுகர்வுக்கும் இடையிலுள்ள வெறும் நடைபாதை என்ற எண்ணம் பொருளாதாரம் பயின்றோரிடம்கூட நிலவுவதே இதற்குக் காரணம். சொத்து மிகுந்திருந்தும் ஒரு நிறுவனம் எவ்வாறு திவாலாயிற்று என்ற புதிருக்கு விடை காண முயன்றால், அந்த எண்ணம் எத்துணை பிழையானது என்பது தெரியவரும்.

முடிதிருத்தகத்தில் கேட்ட செய்தி

1949-ஆம் ஆண்டில் சாமுவேல் வுர்ட்செல் என்ற வணிகர் விடுமுறைப் பயணமாக ரிச்மண்ட் நகருக்கு வந்திருந்தார். முடி திருத்திக்கொள்ளச் சென்ற இடத்தில், தென் மாநிலங்களின் முதல் தொலைக்காட்சி நிலையம் அந்நகரில் ஏற்பட்டிருப்பதைப் பற்றி முடிதிருத்துபவர் பேச்சுவாக்கில் கூறினார். ஒளிபரப்பு வந்துவிட்டால் பெட்டி வாங்க மக்கள் வருவார்கள் என்று வுர்ட்செல் கணக்கிட்டார். குடும்பத்தோடு அந்நகரில் குடியேறினார். மோட்டார் டயர் விற்கும் ஒரு கடையின் முன்பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டி விற்பனையைத் தொடங்கினார். கடைக்கு ‘வார்ட்ஸ்’ என்று பெயரிட்டார். குடும்பப் பெயரான வுர்ட்செல், ஆலன், ரூத், டேவிட், சாமுவேல் ஆகிய ஐந்து பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்த பெயர் அது.

அவர் கணக்கு பொய்க்கவில்லை. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்களில் நூற்றுக்கு 9 குடும்பங்களிடமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960-இல் அது நூற்றுக்கு 87 ஆகியது. ஒரு நுகர்பொருள் இவ்வளவு விரைவாக வீடுதோறும் புகுந்ததற்குப் பொருளாதார வரலாற்றில் உதாரணங்கள் மிகச் சில. அலை மேலெழும்போது படகும் உயர்வது இயல்பே. 1959-க்குள் ரிச்மண்டிலேயே நான்கு கடைகள் ஆயின. 1961-இல் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

பங்கு விற்ற பணம் கையில் வந்ததும், பல வணிக நிறுவனங்கள் செய்த பிழையையே வார்ட்ஸும் செய்தது. கண்ணில் பட்ட கடைகளை எல்லாம் வாங்கிச் சேர்த்தது. பிறருடைய தள்ளுபடி அங்காடிகளுக்குள் வாடகைக்கு இடம் பிடித்துத் தொலைக்காட்சிப் பிரிவுகளை நடத்தியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொழில்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. 1970-களின் தொடக்கத்தில் குடை கிழிந்தது. திவாலின் விளிம்பில் நின்ற அந்த வேளையில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் நிறுவனரின் மகனும் வழக்கறிஞருமான ஆலன் வுர்ட்செல். அவர் தேவையற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தார், கடனைச் சுருக்கினார். 1970-களின் நடுவில் ரிச்மண்டில் ஒரு பெரிய கிடங்கையே கடையாக்கி, ஏராளமான வகைகளை ஒரே கூரையின்கீழ் அடுக்கி வைத்துப் பார்த்தார். மக்கள் திரண்டு வந்தனர். பிற்காலத்தில் நாடெங்கும் பரவிய பெருங்கடை முறைக்கு அந்தக் கிடங்கே வித்து.

ஒரு சட்டமும் ஒரு கட்டுரையும்

இதே காலத்தில் நடந்த ஒரு சட்ட மாற்றத்தை அதிகாரிகள் கவனிப்பது நன்று. ஒரு பொருளைச் சில்லறை வணிகர் எந்த விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும் என்று உற்பத்தியாளரே விதிக்கும் உரிமையை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டங்கள் பல்லாண்டுகளாக அனுமதித்து வந்தன. ‘நியாய வாணிபச் சட்டங்கள்’ என்பது அவற்றின் பெயர். விலை குறைப்பவனைத் தண்டிக்கும் சட்டத்துக்கு நியாயம் என்ற பெயர் எவ்வாறு பொருந்தியதோ, அது பெயரிட்டவர்களுக்கே வெளிச்சம்! 1975-ஆம் ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் இவற்றுக்கு அளித்திருந்த பாதுகாப்பை நீக்கியது. இதன்பின் ஒலிப்பெருக்கி, இசைத்தட்டுக் கருவி முதலியவற்றின் விலையில் போட்டி மூண்டது. நிலையான விலையின் நிழலில் வாழ்ந்த சிறு ஒலிக்கருவிக் கடைகள் தடுமாறின. வார்ட்ஸ் நிறுவனம் தன் ஒலிக்கருவிக் கடைகளை 1977 முதல் புதிய உருவில் அமைத்தபோதுதான் ‘சர்க்யூட் சிட்டி’ என்ற பெயரை முதலில் சூட்டியது. 1984-இல் நிறுவனம் முழுமைக்கும் அதுவே பெயராகி, நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம் பெற்றது.

இச்சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, லெஸ்டர் டெல்சர் என்ற பொருளாதார அறிஞர் 1960-இல் எழுதிய கட்டுரை ஒன்றை நினைவுகூர வேண்டும். உற்பத்தியாளர்கள் தாங்களாகவே சில்லறை விலை வீழ்வதை ஏன் விரும்புவதில்லை என்பது அவர் எழுப்பிய வினா. அவர் கண்ட விடை இது: சில பொருள்களை விளக்கிக் காட்டினால்தான் விற்க முடியும். விளக்கம் தரப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கருவியை இயக்கிக் காட்ட இடம் வேண்டும். இவற்றுக்குச் செலவு உண்டு. செலவு செய்யும் கடையில் விளக்கத்தைக் கேட்டுக்கொண்ட வாடிக்கையாளர், செலவே செய்யாத எதிர்க்கடையில் குறைந்த விலைக்குப் பொருளை வாங்கிச் செல்லலாம். அவ்வாறு எல்லோரும் செய்யத் தொடங்கினால் விளக்கம் தருவதையே கடைகள் கைவிடும். பிறர் செலவில் பயன்பெறும் இந்தச் சிக்கல் சர்க்யூட் சிட்டியின் வரலாற்றில் முதலிலிருந்து முடிவு வரை நிழலாகத் தொடர்ந்தது.

சர்க்யூட் சிட்டி அதன் வளர்ச்சிக் காலத்தில் இச்சிக்கலுக்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டது. வகைகளின் மிகுதியாலும் பெருங்கொள்முதலாலும் விலையைக் குறைத்து, எதிர்க்கடைக்குப் போகும் காரணத்தையே இல்லாமல் ஆக்கியது. அதோடு கடைக்குள் வரும் ஒவ்வொருவரையும் ஒரு தேர்ந்த விற்பனையாளர் எதிர்கொள்ள வைத்தது. சேவை, தேர்வுக்குப் பல வகை, சிக்கனம், மனநிறைவு என்ற நான்கையும் நிறுவனம் தன் கொள்கையாக அறிவித்திருந்தது. இவற்றுள் முதலாவதும் இறுதியானதும் விற்பனையாளரின் கையில் இருந்தன. அவர் நிலையான சம்பளக்காரர் அல்லர். விற்பனைக்கேற்பக் கமிஷன் பெறுபவர். எந்தத் தொலைக்காட்சிப் பெட்டியின் படம் பகல் வெளிச்சத்தில் மங்கும், எந்தக் குளிர்பதனப் பெட்டி குறுகலான வாசலில் நுழையாது என்பன அவருக்கு அத்துப்படி. நன்றாக விற்றவர் குடும்பத்தைக் காப்பாற்றும் அளவுக்குச் சம்பாதித்தார்; ஆகவே பல்லாண்டுகள் அதே கடையில் நிலைத்தார். நிலைத்ததால் அறிவு கூடியது. அறிவு கூடியதால் விற்பனை கூடியது.

1986-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ரிச்சர்ட் ஷார்ப் கணிப்பொறித் துறையிலிருந்து வந்தவர். ஒவ்வொரு கடையிலும் நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் மையக் கணிப்பொறியில் பதியும் முறை நிறுவனத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எந்த ஊரில் எது விற்கிறது என்பது நாள்தோறும் தெரிந்தது. கிடங்கிலிருந்து சரக்கு அதற்கேற்பப் புறப்பட்டது. 1982 முதலான பதினைந்து ஆண்டுகளில் இந்நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தையின் பொதுவான ஆதாயத்தைப் போல் 18 மடங்குக்கு மேல் ஆதாயம் தந்தன என்று ஜிம் காலின்ஸ் தாம் 2001-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டார். நன்று என்ற நிலையிலிருந்து மிக நன்று என்ற நிலைக்கு உயர்ந்தவை என அந்நூல் தேர்ந்தெடுத்த பதினொரு நிறுவனங்களுள் சர்க்யூட் சிட்டியும் ஒன்று. நூல் வெளிவந்தபோது வீழ்ச்சி தொடங்கிவிட்டிருந்தது. மேலாண்மை நூல்களைப் பாடப் புத்தகங்களாகப் படிக்கும் இளைஞர்கள் இந்த ஆண்டுக் கணக்கைக் குறித்துக்கொள்வது நல்லது. பதினொன்றில் மற்றொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை 2008-இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதனால் கமிஷன் முறை மாசற்றது என்று கொள்ளலாகாது. அதிக ஆதாயமுள்ள பொருளுக்கு அதிகக் கமிஷன் என்ற ஏற்பாடு, விளம்பரத்தைப் பார்த்து மலிவான பெட்டியை நாடி வந்தவரை விலை உயர்ந்த பெட்டியின் பக்கம் நகர்த்தத் தூண்டியது. உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் முடிந்தபின் தொடரும் கூடுதல் பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களும் இவ்வாறே வற்புறுத்தி விற்கப்பட்டன. பொருளின் விலையில் கிடைத்த ஆதாயம் மெலிய மெலிய, இத்தகைய ஒப்பந்தங்களே ஆதாயத்தின் முக்கிய ஊற்றாயின. வாங்குபவர்களுள் பலருக்கு இந்த வற்புறுத்தல் பிடிக்கவில்லை.

இதை முதலில் உணர்ந்தது ஒரு போட்டி நிறுவனம். மினசோட்டா மாநிலத்தில் ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் 1966-இல் தொடங்கிய ஓர் ஒலிக்கருவிக் கடை 1983-இல் ‘பெஸ்ட் பை’ என்று பெயர் மாற்றம் பெற்றது. 1989-இல் அது கமிஷனை அறவே நீக்கியது. விற்பனையாளருக்கு நிலையான ஊதியம். சரக்கு கண்ணுக்கு எதிரே கைக்கெட்டும் அடுக்குகளில். கேட்டால் விளக்கம், கேட்காவிட்டால் தொந்தரவில்லை. கணிப்பொறியும் இசைத்தகடும் வாங்க வந்த இளைய தலைமுறைக்கு இது பிடித்திருந்தது. 1990-களின் நடுவிலேயே விற்பனையில் பெஸ்ட் பை முந்திவிட்டது.

அடுக்கடுக்காய் நேர்ந்த பிழைகள்

போட்டியாளர் கடை அமைப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது சர்க்யூட் சிட்டியின் தலைமை வேறு திசைகளில் கவனம் செலுத்தியது. 1998-இல் ‘டிவ்எக்ஸ்’ என்ற குறுந்தகடு முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திரைப்படத் தகட்டை நான்கைந்து டாலருக்கு வாங்கலாம். முதன்முறை ஓட்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். பிறகு பார்க்க மேலும் பணம் கட்ட வேண்டும். கருவி தொலைபேசிக் கம்பி மூலம் கணக்கை அனுப்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருள் இரண்டு நாளில் ஊமையாகிவிடுவதை மக்கள் ஏற்கவில்லை. 1999 ஜூன் மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. நட்டம் 10 கோடி டாலரைத் தாண்டியது.

2000-ஆம் ஆண்டில் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் முதலான பெரிய வீட்டுச் சாதனங்களின் விற்பனையை நிறுவனம் அடியோடு நிறுத்தியது. அத்துறையில் சியர்ஸ் என்ற புகழ்பெற்ற அங்காடிக்கு அடுத்த இடம் அதனுடையது. பெரிய பொருள்களுக்குக் கிடங்கும் வண்டியும் ஆளும் வேண்டும். அவற்றை மிச்சப்படுத்திச் சிறு கருவிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்பது அன்றைய வாதம். அதை அடுத்த ஆறு ஆண்டுகள் அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகள். புதுமனை புகுந்தோர் சலவை இயந்திரத்தைப் பிற கடைகளில் வாங்கினர். அங்கேயே தொலைக்காட்சிப் பெட்டியையும் பார்த்தனர். கடைகள் அமைந்த இடங்களும் பழையனவாகிவிட்டன. வாடகைச் சிக்கனம் கருதி இரண்டாந்தர இடங்களில் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவை பல. நகரின் போக்கு மாறியபோது அவற்றை விட்டு வெளியேறுவது எளிதாயில்லை.

ஆனால் இவை எல்லாம் மீளக்கூடிய பிழைகளே. மீள முடியாத பிழை 2003 பிப்ரவரியில் நிகழ்ந்தது. கமிஷன் முறை நீக்கப்பட்டது. அதோடு கமிஷன் பெற்றுவந்த விற்பனையாளர்களுள் 3,900 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். பெஸ்ட் பை பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கமிஷனை நீக்கியிருந்ததால், இதில் தவறென்ன என்று கேட்கலாம். வேறுபாடு இங்குதான் இருக்கிறது. பெஸ்ட் பை ஒரு புதிய கடை முறையை அமைத்து, அதற்கேற்ற ஊதிய முறையைத் தேர்ந்தது. சர்க்யூட் சிட்டியோ பழைய கடை முறையை வைத்துக்கொண்டு, அதைத் தாங்கிய தூண்களைச் செலவு என்ற தலைப்பின்கீழ் எழுதி வெட்டியது. ஊதிய முறையை மாற்றியதைக் குறை கூற இயலாது. அதிகமாகக் கமிஷன் ஈட்டியவர்கள் அதிகமாக விற்றவர்கள் என்ற எளிய உண்மையை மறந்ததுதான் குறை.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே பாடத்தை நிறுவனம் இரண்டாம் முறையும் படிக்க மறுத்தது. 2007 மார்ச் 28-ஆம் நாள், கடைகளில் பணிபுரிந்த 3,400 பேர் நீக்கப்பட்டனர். அவர்களுடைய வேலையில் குறை இருப்பதாகச் சொல்லப்படவில்லை. அவர்களுடைய ஊதியம் அந்தந்த வட்டாரச் சந்தை ஊதியத்தைவிட மிகுதி என்பதே அறிவிக்கப்பட்ட காரணம். விரும்பினால் பத்து வாரம் கழித்துக் குறைந்த ஊதியத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கூறப்பட்டது. எஞ்சியவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது என்னவாக இருந்திருக்கும்? இக்கடையில் நன்கு உழைத்து ஊதிய உயர்வு பெறுவது வேலைக்கு ஆபத்து என்பதைத் தவிர வேறொன்றாக இருக்க முடியாது.

அந்த ஆண்டு தட்டைத் திரைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஆண்டு. விலை மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டிருந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் செலவு செய்யத் துணிந்தவர்களுக்குத் திரையின் வகைகள், இணைப்புக் கம்பிகள், ஒளிபரப்பு முறைகள் பற்றி ஆயிரம் சந்தேகங்கள். விளக்கத்துக்கு இதைவிடத் தேவை மிகுந்த பொருள் ஒன்று அதுவரை கடைக்கு வந்ததில்லை. விளக்கத் தெரிந்தவர்களோ வெளியே அனுப்பப்பட்டிருந்தனர். வெறும் பெட்டியை எடுத்துக் கொடுப்பதானால் வால்மார்ட் போன்ற அங்காடிகளும், கணிப்பொறி வழி விற்கும் அமேசானும் இன்னும் மலிவாகக் கொடுக்க முடியும். ஆண்டுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் விற்பனை கண்டிருந்த நிறுவனம், 2008 பிப்ரவரியில் முடிந்த கணக்காண்டில் ஏறத்தாழ 32 கோடி டாலர் நட்டம் காட்டியது.

செலவைக் குறைப்பதில் இத்தனை கறாராக இருந்த நிர்வாகம் மற்றொரு வகையில் தாராளமாக இருந்தது. 2003-க்கும் 2007-க்கும் இடையில் ஏறத்தாழ 100 கோடி டாலரைத் தன் பங்குகளைத் தானே சந்தையில் திருப்பி வாங்குவதற்குச் செலவிட்டது. பங்கின் விலையைத் தாங்கிப் பிடிப்பதற்கு இது உதவும் என்பது நிதிச் சந்தையின் நம்பிக்கை. பழைய கடைகளைப் புதுப்பிக்கவும் நல்ல இடங்களுக்கு மாற்றவும் அந்தப் பணம் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்று கணக்கிடுவது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. 2005-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் 325 கோடி டாலருக்கு முழு நிறுவனத்தையும் விலைக்குக் கேட்டது, இயக்குநர்கள் மறுத்தனர். 2008-இல் பிளாக்பஸ்டர் என்ற படத்தகடு வாடகை நிறுவனம் 100 கோடி டாலருக்குச் சற்று மேல் தருவதாக முன்வந்து, கணக்குகளைப் பார்த்தபின் அதே கோடையில் பின்வாங்கியது.

புதிருக்கு விடை

இப்போது தொடக்கத்தில் கண்ட புதிருக்குத் திரும்பலாம். சொத்துப் பட்டியலில் இருந்த 340 கோடி டாலரில் பெரும் பகுதி கிடங்கிலும் கடையிலும் இருந்த சரக்கு. வாணிப நிறுவனம் தன் பணத்தில் மட்டும் சரக்கு வாங்குவதில்லை. உற்பத்தியாளர் சரக்கை முன்னதாக அனுப்புகிறார். விற்றபின் பணம் வருகிறது. இந்தக் கடனுக்கு அடமானம் எதுவும் கிடையாது, நம்பிக்கையே அடமானம். 2008 இலையுதிர் காலத்தில் உலக நிதி நெருக்கடி முற்றியபோது, நட்டத்தில் ஓடும் நிறுவனத்தின்மீது அளிப்போர் நம்பிக்கை இழந்தனர். பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான் சரக்கு என்றனர். பண்டிகைக் கால விற்பனைக்குச் சரக்கு நிரப்ப வேண்டிய வாரங்கள் அவை. நவம்பர் 3-ஆம் நாள் 155 கடைகளை மூடுவதாக அறிவித்த நிறுவனம், ஒரே வாரத்தில் நீதிமன்றப் படியேறியது. நம்பிக்கை எந்த ஐந்தொகைக் கணக்கிலும் சொத்தாக எழுதப்படுவதில்லை. ஆகவே அது போனபோதும் எந்தக் கணக்கிலும் நட்டமாகத் தெரியவில்லை. 2003-இலும் 2007-இலும் வெளியேற்றப்பட்ட அனுபவத்தின் கதையும் இதுவே. பயிற்சி பெற்ற விற்பனையாளர் கணக்கேட்டில் ஊதியச் செலவாக மட்டுமே தோன்றுவார்.

சட்டமும் இம்முறை உதவவில்லை. 1975-இன் சட்டம் நிறுவனத்தின் பிறப்புக்கு வழிவிட்டதென்றால், 2005-இன் திவால் சட்டத் திருத்தம் அதன் இறப்பை விரைவுபடுத்தியது எனலாம். முன்பெல்லாம் கடைகளின் குத்தகையைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்ய நீதிமன்றம் பலமுறை அவகாசம் நீட்டிக்க இயலும். திருத்தத்துக்குப்பின், நில உரிமையாளர் இசைந்தாலன்றி 210 நாளுக்கு மேல் அவகாசம் இல்லை. மூடும் கடையின் சரக்கை ஒழுங்காக விற்றுத் தீர்க்கவே சில மாதங்கள் வேண்டும் என்பதால், கடன் கொடுத்த வங்கிகள் சீரமைப்பை நம்பிக் காத்திருப்பதைவிடச் சரக்கை உடனே விற்றுக் கடனை வசூலிப்பதையே விரும்பும் நிலை ஏற்பட்டது. வாங்க ஆள் தேடிய முயற்சிகள் பலிக்கவில்லை. 2009 ஜனவரி 16-ஆம் நாள் முழுக் கலைப்பு அறிவிக்கப்பட்டது. மார்ச் 8-ஆம் நாள் கடைசிக் கடைகள் அடைக்கப்பட்டன. அடுக்குகளும் விளக்குகளும்கூட விலைக்குப் போயின.

நிர்வாக விதிகளில் ஆர்வமுள்ளோர் மேலும் ஒரு செய்தியை அறிய விரும்பலாம். கலைக்கப்பட்ட நிறுவனத்தின் எஞ்சிய சொத்துகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை, நீதிமன்ற நடவடிக்கைகளுக்காக அரசுக்குச் செலுத்திய கட்டணம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பலமடங்கு உயர்ந்தது. ஆனால் இரண்டு மாநிலங்களில் மட்டும் வேறு நிர்வாக முறை இருந்ததால் அங்கு உயர்வு உடனே வரவில்லை. நாடெங்கும் ஒரே சீரான திவால் சட்டம் வேண்டும் என்ற அரசமைப்பு விதிக்கு இது முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடைகளை அடைத்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்த வெற்றி! அதிகமாகக் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, வருங்காலத்தில் சமமாக வசூலித்தால் போதும் என்று 2024-இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் கூறிவிட்டது.

நம் நாட்டுக் கடைகளில்

பல பொருள்களை விற்கும் சில்லறை வாணிபத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை நம் அரசு 2012-இல் நிபந்தனைகளோடு அனுமதித்தபோது எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். பெருங்கடை வந்தால் சிறுகடை அழியுமா என்பதே அதில் மையக் கேள்வியாக இருந்தது. கடைக்குள் நிற்கும் விற்பனையாளரின் நிலை பற்றிப் பேசியோர் சிலரே. நம் நகரங்களின் பெரிய மின்னணுச் சாதனக் கடைகள் பலவற்றில் வாங்குபவரிடம் வந்து பேசுபவர் கடையின் ஊழியரே அல்லர். ஏதேனும் ஓர் உற்பத்தி நிறுவனம் அனுப்பிவைத்த விற்பனை உதவியாளர். அவர் தம் நிறுவனப் பொருளையே புகழ்வார் என்பது வாங்குபவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், பழுதான பொருளால் தீங்கு நேர்ந்தால் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. பழுதில்லாத பொருளைப் பற்றிய பழுதான அறிவுரைக்கு யார் பொறுப்பு என்பது அவ்வளவு தெளிவாகத் தீரும் செய்தியன்று.

நிறுவனம் நொடித்தால் ஊழியரின் நிலை என்ன என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்படி, கலைப்புச் செலவுகளுக்கு அடுத்த இடத்தில், தொழிலாளருக்குச் சேர வேண்டிய 24 மாத நிலுவையும் பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமையும் சமமாக நிற்கின்றன. பிற ஊழியரின் 12 மாத ஊதிய நிலுவை அதற்கடுத்த வரிசையில் வருகிறது. கடையின் விற்பனையாளர் முதல் வகையா, இரண்டாம் வகையா என்பது வழக்கறிஞர்களுக்கு நல்ல வருவாய் தரக்கூடிய கேள்வி.

விற்பனையாளருக்கு ஊக்கமும் இருக்க வேண்டும். அந்த ஊக்கமே வாங்குபவரை ஏமாற்றும் தூண்டுதலாக மாறவும் கூடாது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற ஒரு வழியைச் சர்க்யூட் சிட்டி தன் வீட்டிற்குள்ளேயே கண்டிருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் விந்தை. ஷார்ப்பின் தலைமையில் 1993-இல் அது ரிச்மண்டில் பழைய மோட்டார் கார்களை விற்கும் ஒரு கடையைத் தொடங்கியது. ‘கார்மேக்ஸ்’ என்று அதற்குப் பெயர். பேரம் கிடையாது, காரின்மேல் ஒட்டிய விலையே விலை. விற்பனையாளருக்குக் கமிஷன் உண்டு. ஆனால் மலிவான காரை விற்றாலும் விலை உயர்ந்த காரை விற்றாலும் ஒரு காருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த ஒரே தொகை. ஆகவே வாங்குபவரின் தேவைக்குப் பொருந்தும் காரைக் காட்டுவதே அவருக்கும் ஆதாயம். 2002 அக்டோபரில் கார்மேக்ஸ் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. கமிஷன் விற்பனையாளர் 3,900 பேரைத் தாய் நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியது அதற்கு நான்கு மாதம் கழித்து. பிரிந்து சென்ற நிறுவனம் இன்று அமெரிக்காவிலேயே பழைய கார்களை மிகுதியாக விற்கும் கடைத்தொடர்; அதன் தலைமையகம் இன்றும் ரிச்மண்ட் வட்டாரத்திலேயே இருக்கிறது.